நிழல் விழாத சுவர்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைச் சந்தேகப்படாதீர்கள். கட்டடச் சுவர்களில் எவ்வளவு வெயில் விழும், அதில் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போடும் ஒருத்தியைச் சந்தித்தேன். "வெயில் ஈஸிங்க. எதிர்ல நிக்கிறது எவ்ளோ மறைக்குதோ, அதக் கழிக்கிறதுதான் பாடு," என்றாள்.

2

அதிகாலைச் சூரியன் மெல்ல—

(வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.)

கணக்குக்காரி (அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர்) கணினியில் நகரத்தின் மாதிரியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சூரியத் தகடு பதிக்கத் திட்டமிட்டிருந்த ஒரு வங்கியின் மேற்குச் சுவர் முழுக்க மாலை வெயில் விழுந்தது. அவளுக்கு எங்கேயோ உதைத்தது. எதிரே ஐந்து மாடிக் குடியிருப்பு நிற்கிறதே! நான்காவது மாடியில் அவள் அக்கா வாடகைக்குக் குடியிருக்கிறாள். போன வாரம்கூட அங்கேதான் சாப்பிட்டாள்.

மாதிரியில் அந்த இடம் மொட்டையாகக் கிடந்தது.

3

"மாதிரிக்கு எடுத்தது பழைய படமா இருக்கும்மா. விட்டுப்போயிருக்கும்," என்றார் மேலாளர்.

"அங்க பஸ் ஸ்டாப்புக்குப் போன மாசம்தான் சார் கூரை போட்டாங்க. அது இருக்கு. கூரையப் புடிச்ச படம் அஞ்சு மாடிய விடுமா?"

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். "அந்தக் கட்டடத்த இடிக்கப்போறாங்க. அதான் படத்துலேர்ந்து எடுத்துட்டுக் குடுத்திருக்காங்க. வெளிய மூச்சு விட்டீங்கன்னா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும்."

(இவ்வளவு சுலபமாகவா உண்மையைக் கக்குவார்? முதல் வரைவில் வாயே திறக்கவில்லை. கதை நகரவில்லை. நான்தான் திறந்துவிட்டேன்.)

4

அவள்மீதும் எனக்குச் சந்தேகம்தான். அந்தச் சுவரில் வெயில் விழுந்தால் திட்டம் தேறும்; தேறினால் அவளுக்குப் பதவி உயர்வு. கதவைச் சாத்தும்போது கை நடுங்கியது என்று எழுதி, அடித்துவிட்டேன். நடுங்கியதா என்று எனக்கென்ன தெரியும்?

ஒரு முடிவில் அக்காவிடம் சொல்கிறாள், வேலை போகிறது. இன்னொன்றில் வாயை மூடிக்கொள்கிறாள். பிறகு ஒருநாள் அக்கா, "உனக்கு முன்னாடியே தெரியுமாடி?" என்று கேட்க, இவள்—

இதற்குமேல் எழுத முடியவில்லை.

5

அன்று மாலை அக்காவே போன் செய்தாள்.

"உங்க மாமா ஒருவழியா சம்மதிச்சுட்டார்டி! நாளைக்குக் கையெழுத்துப் போட்டா இந்த வீடு நமக்கே சொந்தம். சமையல் ரூமுக்கு என்ன கலர் அடிக்கலாம், சொல்லு."

கணக்குக்காரி வாயைத் திறந்தாள்.

நான் பேனாவை வைத்துவிட்டேன். போகப்போவது என் வேலையுமில்லை, என் அக்கா வீடுமில்லை. நான் என்ன எழுதினாலும் அது வெறும் வாய்ச்சவடால். உங்களுக்கு ஓர் அக்கா இருந்தால் போனை வாங்கிக்கொள்ளுங்கள். அவள் இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.

"என்னடி, சத்தத்தையே காணோம்? மஞ்சளா, வெள்ளையா?"