பத்து வயதுக்கு மேல் அனுமதி இல்லை

வெர்னாவின் கேரவனுக்கு, அந்தச் சக்கர வீட்டுக்கு, வயது இருபத்தாறு. டாலஸ் நகரைச் சுற்றி, கேரவன்களை நிறுத்தித் தங்கும் நல்ல முகாம்களிலோ பத்து வயதைத் தாண்டிய வண்டியை உள்ளே விடுவதில்லை. பழைய வண்டி நின்றால் பக்கத்து வண்டிக்காரர்களுக்குக் கண்ணை உறுத்துமாம். என்ன கண்ணோ!

"எனக்கு எழுபத்திரண்டு ஆகுது. என்னை மட்டும் உள்ள விடுவீங்களா?" என்று மூன்றாவது முகாமில் கேட்டாள்.

அலுவலகத்துப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உங்களுக்குத் தடையில்ல மேடம். வண்டிக்குத்தான்."

"அப்ப நான் எங்க படுக்கறது, உன் மேஜை மேலயா?"

வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பினாள். கணவன் இறந்த பிறகு வீட்டை விற்றுவிட்டு, ஆறு வருடமாக இந்த வண்டியில்தான் குடித்தனம். மகள் ஜனெலுக்கு அது பிடிக்கவே இல்லை. "டாலஸ் பக்கத்துல இதை நிறுத்த ஒரு நல்ல இடம் கண்டுபிடி, அப்புறம் நான் வாயே திறக்கல. இல்லேன்னா வித்துட்டு எங்க மாடி ரூமுக்கு வந்துடு" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். வண்டியை வாங்க அவள் ஏற்பாடு செய்தவன் சனிக்கிழமை வருகிறான். வெர்னாவும் வீம்புக்குச் சரி என்று சொல்லித் தொலைத்திருந்தாள். இன்று வெள்ளி.

நான்காவது முகாமுக்கு அவள் போகவில்லை. நேரே மகள் வீட்டு வாசலுக்குப் போய் வண்டியை நிறுத்தினாள். சக்கரத்துக்கடியில் கட்டை கொடுத்து மட்டம் பார்த்தாள். கார் ஷெட்டிலிருந்து கரண்ட் இழுத்தாள். மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தும் விட்டாள்.

ஜனெல் ஓடி வந்தாள். "அம்மா! என்ன கூத்து இது?"

"இடம் கண்டுபிடிச்சுட்டேன். கரண்ட் இருக்கு, தண்ணி இருக்கு, பேரப்பிள்ளைங்க இருக்காங்க. இதைவிட நல்ல முகாம் டாலஸ்ல எங்கடி இருக்கு?"

"தெருச் சங்கம் சும்மா விடாதும்மா!"

சொல்லி வாய் மூடவில்லை, சங்கத் தலைவர் லாயிட் வந்து நின்றார்.

"வீட்டு முகப்புல இது நிக்கக் கூடாது ஜனெல். தெரு அழகே கெட்டுப்போச்சு. உங்கம்மாவையும் இந்த வயசுல இப்படி ஊர் சுத்த விடலாமா? ஒரு இடத்துல அடக்கமா வெச்சுக்கக் கூடாதா?"

ஆறு வருடமாக ஜனெல் போனில் சொல்லி வந்ததும் இதைத்தான். அடுத்தவன் வாயிலிருந்து வந்தபோது அவளுக்கே சுருக்கென்று தைத்தது.

"எங்கம்மாவை எங்க வெக்கணும்னு சொல்ல நீங்க யாரு?" என்றாள். "முகப்புலதானே கூடாது? வேலிக்குப் பின்னால நிறுத்தலாம். சங்கத்து விதியை நானும் படிச்சிருக்கேன்."

"அதுக்கு உங்க புல்தரை மேல போகணுமே! போன வருஷம் அந்தப் புல்லுக்குத்தானே பரிசு கொடுத்தோம்!"

"புல்லுதானே, முளைக்கும்." தாயிடம் திரும்பினாள். "கரண்டைக் கழட்டிட்டு வண்டில ஏறும்மா. நாளைக்கு எவனும் வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

கேரவன்காரர்கள் வண்டியைப் பின்னால் எடுப்பதென்றால் ஒருவர் இறங்கி நின்று கை காட்டுவார். கணவன் போனதிலிருந்து வெர்னாவுக்கு அப்படி யாரும் இல்லை. முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறும் இடமாகப் பார்த்துத்தான் காலம் தள்ளினாள். இப்போது பக்கக் கண்ணாடியில் மகள் இரண்டு கையையும் உயர்த்தி நிற்பது தெரிந்தது, அச்சு அசல் அவள் அப்பாவைப் போல. வெர்னா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து ரிவர்ஸ் போட்டாள்.

"வா... வா... இடது பக்கம் ஒடி!"

லாயிட் நடுப் புல்லில் வாயைப் பிளந்து நின்றார்.

"ஓரமா நில்லுங்க லாயிட்," என்றாள் ஜனெல். "எங்கம்மா வர்றாங்க."