தண்ணீர் கேட்காத வண்டி

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நாலாம் நம்பர் பாட்டரி வண்டி மறுபடியும் மேட்டில் நின்றுவிட்டது. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஷெட்டிலிருந்து ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, முழங்காலில் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் பின்சீட்டில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் யாரிடமோ போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். வண்டியை ஓட்டுகிறவள், அதாவது என் நாத்தனார், சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி பண்ணின?" என்றேன்.

"நான் என்ன பண்ணேன் அண்ணி? ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. மூச்சு வாங்கிச்சு. நின்னுடுச்சு."

"மூச்சு வாங்க அது என்ன உங்க அண்ணனா?"

பெரியவர் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அவள் பேசிக்கொண்டிருந்தது மேனேஜரிடம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கோல்ஃப் மைதானத்தில் வசதியானவர்கள் பந்துக்குப் பின்னால் போவதற்காகச் செய்த வண்டிகள் அவை. எங்கள் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுகளையும் தையல்களையும் சுமக்கின்றன. வாசல் கட்டிடத்திலிருந்து மேட்டின் உச்சியில் இருக்கும் எலும்பு வார்டு வரைக்கும் நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டும். எட்டு வண்டிகள், வண்டிக்கு ஆறு பாட்டரி, பாட்டரிக்கு நாலு மூடி. எட்டு வண்டிக்கும் சார்ஜர், ஒயர், தண்ணீர் எல்லாம் என் பொறுப்பு. பதினோரு வருஷமாகச் செய்கிறேன். ஆரம்பத்தில் "இந்தம்மாவுக்கு என்ன தெரியும்" என்றவர்கள் இப்போது தங்கள் வீட்டு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

மேனேஜர் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார். உட்கார்ந்து எழுந்திருப்பது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்குத் தெரியாது, அதனால் நின்றுகொண்டே கேட்டேன். "ஒரே மாசத்துல மூணாவது தடவை. திங்கக்கிழமை காலையில ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. ஓட்டறவங்க தப்புன்னா ஆளை மாத்திடலாம். ஷெட்டு தப்புன்னா பராமரிப்பை வெளிக் கம்பெனிகிட்ட விட்டுடலாம்." அவ்வளவுதான் சொன்னார். ஓட்டுகிறவளும் ஷெட்டும் ஒரே வீட்டில், ஒரே குளியலறைக்கு வரிசையில் நிற்கிறவர்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிக் கேட்டாரா என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை.

நாத்தனார் ஆறு வருஷத்துக்கு முன்னால், புகுந்த வீடு ஒத்துவராமல், ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து எனக்கும் அவளுக்கும் ஒன்றிலும் ஒத்துப்போனதில்லை. நான் ஜன்னலைத் திறந்தால் அவள் மூடுவாள். நான் உப்புப் போட்டதை மறந்து அவளும் போடுவாள், பிறகு நான்தான் இரண்டு தடவை போட்டேன் என்பாள். இந்த வேலையை நான்தான் அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் நீல யூனிபார்ம் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நின்றாள். அன்றைக்கு மட்டும் நான் கிண்டல் செய்யவில்லை.

என் விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. குனியாதே, தூக்காதே என்று டாக்டர் சொன்னார். குனியாமல் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமா? காய்ச்சல் என்று பத்து நாள் லீவு போட்டுவிட்டு, பெல்ட்டை இறுக்கிக் கட்டிச் சட்டையை மேலே விட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். மேனேஜருக்குத் தெரிந்தால் மறுநாளே என்னை ஏதாவது மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவார். மேஜை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலாம் நம்பரை ஷெட்டில் நிறுத்தி ஆராய்ச்சியைத் தொடங்கினேன். முதலில் சார்ஜர். இரண்டாம் நம்பரின் சார்ஜரைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தேன். இரண்டுமே ஒழுங்காக ஓடிப் பச்சை விளக்கைக் காட்டின, ஆகவே சார்ஜர் நிரபராதி. பிளக்கில் கருகல் இல்லை. ஒயர்களைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. மீட்டரை வைத்தால் ஆறு பாட்டரியும் முழு வோல்ட் காட்டின. ஆனால் சுமையோடு ஓட்டிப் பார்த்ததும் முள் சரிந்து விழுந்தது. ஆளைப் பார்த்தால் வாட்டசாட்டம், வேலை சொன்னால் காணாமல் போகிற சாதி.

அப்புறம்தான் மூடிகளைத் திறந்தேன். ஆசிட்டின் அடர்த்தி பார்க்கிற கண்ணாடிக் குழாயில் ஒரு மிதவை இருக்கும். ஆசிட் நன்றாக இருந்தால் மேலே மிதக்கும், நீர்த்துப் போயிருந்தால் அடியில் கிடக்கும். இருபத்து நான்கு ஓட்டையிலும் குழாயை விட்டு உறிஞ்சினேன். ஒவ்வொன்றுக்கும் முதுகில் யாரோ ஆணி அடித்தார்கள். இருபத்து நான்கிலும் மிதவை அடியில்தான் கிடந்தது. இதுதான் எனக்கு விளங்கவில்லை. ஒரு பாட்டரி கெட்டுப் போய் மற்ற ஐந்தையும் இழுத்துக் கீழே தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். ஆறும் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே அளவில் கெட்டு நான் பார்த்ததில்லை. அதிலும் நாலாம் நம்பர் சமத்து வண்டி. மற்ற வண்டிகள் வாராவாரம் தண்ணீர் குடிக்கும். இது மட்டும் இரண்டு மாதமாகத் தண்ணீரே கேட்டதில்லை. திறந்து பார்த்தால் எப்போதும் நிறைந்திருக்கும். ஒன்றாவது என் இடுப்பைப் புரிந்துகொண்டதே என்று அதன் சீட்டைத் தட்டிக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை, அதனால் கிடைத்த காரணத்தைப் பிடித்துக்கொண்டேன். நாத்தனார் ஆறு பேர் வண்டியில் எட்டுப் பேரை ஏற்றுவாள். "பாவம் அண்ணி, வலியோட நிக்கறாங்க" என்பாள். மேட்டுக்குக் கீழே ஒரு வேகத்தடை இருக்கிறது. மற்ற டிரைவர்கள் அதை ஒரே தாவாகத் தாவி அந்த வேகத்திலேயே மேடு ஏறுவார்கள். இவள் தையல் போட்டவர்களுக்கு வலிக்கும் என்று வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி, தொட்டிலை நகர்த்துவது போல ஏற்றி இறக்குவாள். அப்புறம் நின்ற இடத்திலிருந்து மேடு ஏறினால் எந்த பாட்டரி தாங்கும்? பென்சிலால் எழுதினேன்: 'ஓட்டுநர் அளவுக்கு மேல் ஆள் ஏற்றுகிறார். ஓட்டும் முறை சரியில்லை.' எழுதிய பிறகு டீ குடித்தேன். பாதி டம்ளரை வைத்துவிட்டு, எழுதியதை மறுபடி படித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் என் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு முதுகு போனதிலிருந்து அது அவர் இலாகா, சட்டைகளைப் பேப்பர் மடிப்பது போல நாலாக மடிப்பார். நான் மறுபடி மடிப்பதற்காக ஒரு நீல யூனிபார்ம் பேன்ட்டை எடுத்தேன். முழங்காலுக்கு மேலே வெளிச்சம் தெரிந்தது. கடுகு அளவில் ஏழெட்டு ஓட்டைகள், ஓரமெல்லாம் பழுப்பாக.

அந்த ஓட்டைகளை எனக்குத் தெரியும். என் வேலைத் துணியில் பதினோரு வருஷமாக அவற்றைப் பார்த்து வருகிறேன். ஆசிட் தெறித்த அன்று ஒன்றும் தெரியாது, துவைத்த பிறகுதான் துணி உதிரும்.

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேன்ட்டை அவள் முன்னால் பிடித்தேன்.

"இது என்ன?"

"துணி இத்துப் போச்சு அண்ணி."

"போன மாசம் குடுத்த துணி."

"எலியா இருக்கும்" என்றார் கணவர்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. எப்பலேர்ந்துடி பாட்டரிக்குத் தண்ணி ஊத்தற?"

கத்தி நின்றது. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு குளிக்கப் போன இடத்துல உக்காந்து, எந்திரிக்க முடியாம அழுதீங்களே. அதுக்கு அடுத்த வாரத்துலேர்ந்து. எட்டு வண்டிக்கும் ஊத்தணும்னுதான் நெனச்சேன், மத்தவங்க பாத்துடுவாங்க. என் வண்டிக்காவது ஊத்தினா இருபத்தி நாலு தடவ நீங்க குனிய வேண்டாம் பாருங்க."

"எப்ப ஊத்தற?"

"சாயங்காலம். சார்ஜ் போடறதுக்கு முன்னாடி. விளிம்பு வரைக்கும், குறையே இல்லாம."

சார்ஜ் ஏறும்போது உள்ளே இருப்பது பொங்கும். அதனால்தான் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும், அதுவும் விளிம்புக்குக் கீழே. விளிம்பு வரை ஊற்றிவிட்டுச் சார்ஜ் போட்டால் ஆசிட் வழிந்து வெளியே போகும். போன இடத்தை இவள் மறுபடி தண்ணீரால் நிரப்புவாள், மறுபடி வழியும். இரண்டு மாதமாக அந்த வண்டி அநேகமாக வெறும் தண்ணீரில் மேடு ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. இதைச் சொன்னபோது அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் குனிய வேண்டும், அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப நான்தான் கெடுத்தேன்" என்றாள். "என் பேரை எழுதிடுங்க அண்ணி. முதுகைப் பத்தி மட்டும் எழுதாதீங்க. இந்த ஷெட்டு இல்லேன்னா வீட்ல உங்களை யாரு வச்சு சமாளிக்கறது?"

"நீ வேலைய விட்டுட்டு வீட்ல உக்காந்தா மட்டும்?"

கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நறுக்காத வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஷெட்டுக்குப் போனோம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன், அவள் கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு செய்தாள். பாட்டரிகளுக்கு அடியிலிருந்த தட்டில் வழிந்து உறைந்திருந்த வெள்ளைப் பூச்சில் சோடா உப்புத் தண்ணீரை விட்டதும் நுரை பொங்கியது. இத்தனை பூச்சை நான் ஏன் பார்க்கவில்லை? பார்க்கக் குனிந்திருக்க வேண்டும். வண்டியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் நீர்த்ததைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, அளந்து ஆசிட் விட்டோம். கைபழகாதவர்கள் தொடக்கூடாத வேலை அது. ஆனால் அவள் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. சாயங்காலம் மிதவை பாதிக்கு மேல் ஏறியது. இழந்தது எல்லாம் திரும்ப வராது. மேடு ஏறினால் போதும்.

"மொதல்லயே இப்படி செஞ்சிருக்கலாம் இல்ல அண்ணி? நீங்க உக்காந்து சொல்ல, நான் குனிய."

"நீ கேட்டாத்தானே."

"நீங்க சொன்னாத்தானே."

திங்கட்கிழமை காலையில் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, அதே காகிதத்தில் பேனாவால் எழுதினேன். ஊற்ற வேண்டியவள் நான். முதுகு முடியாமல் போனதை மறைத்தேன். எனக்குப் பதிலாக ஊற்றியவளுக்கு எப்போது ஊற்ற வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தர வேண்டியவளும் நான்தான். இனி நான் உட்கார்ந்து சொல்கிறேன், அவள் குனியட்டும், அனுமதி கொடுங்கள். எழுதி முடித்துப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது கணவர், "இன்னிக்கு என்ன, ரெண்டு பேரும் என்கிட்டயே பேனா கேக்கறீங்க?" என்றார். அவசரத்தில் நான் அதைக் காதில் வாங்கவில்லை.

ஒன்பது மணிக்கு மேனேஜர் எலும்பு வார்டு வாசலில் நிற்பதாகச் சொல்லியிருந்தார், வண்டி ஏறுகிறதா என்று பார்க்க. நான் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். பின்னால் ஆட்களுக்குப் பதிலாக ஆறு மணல் மூட்டைகள். வேகத்தடை வந்ததும் வழக்கம் போல வண்டியைத் தேய்த்து நிறுத்தினாள்.

"வேகமா விடுடி, அப்பத்தான் ஏறும்."

"உங்க முதுகு ஏறி இறங்க வேண்டாமா?"

முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. பின்சக்கரம் ஏறியது, இறங்கியது. எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. அப்புறம் மேடு. பாதி தூரத்தில் வெள்ளிக்கிழமை அவள் முட்டுக்கொடுத்த கல் ஓரமாகக் கிடந்தது. அதை நெருங்க நெருங்க வண்டியின் சத்தம் தணிந்துகொண்டே வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். நானும் என்னை அறியாமல் சாய்ந்தேன். அப்போதுதான் அவள் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு காகிதம் எட்டிப் பார்ப்பது கண்ணில் பட்டது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த காகிதம், என் கணவருடைய பேனாவின் பச்சை மை.

கல் எங்களுக்குப் பின்னால் போனது. மேலே மேனேஜர் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க காகிதத்தை இப்படி குடுங்க அண்ணி, நான் குடுத்துடறேன்" என்று ஒரு கையை நீட்டினாள்.

"உன்னோடதை நீ மொதல்ல குடு" என்றேன்.

அவள் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. மேட்டுக் காற்றில் அவள் பையிலும் என் மடியிலும் இரண்டு காகிதங்கள் படபடத்துக்கொண்டிருக்க, வண்டி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.