கடலுக்கு எதிர்ப்பக்கம்

மஞ்சக்குப்பத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் அடைக்கலராஜுக்குக் கடலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. தினமும் விடியற்காலையில் சில்வர் பீச்சில் நடப்பவர். தண்ணீரிலிருந்து சூரியன் எழுந்து வருவதைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் காபியே இறங்கும். குடியரசு தினத்தோடு சேர்ந்து மூன்று நாள் லீவு கிடைத்து அந்தமானுக்கு வந்த இடத்திலும், ஹேவ்லாக் தீவு லாட்ஜில் மனைவி ஜெயமேரியை இருட்டோடு உலுக்கி எழுப்பினார்.

"சீக்கிரம் வா மேரி, சூரியன் நமக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?"

வெள்ளை மணலில் இருவரும் உட்கார்ந்தார்கள். கடை இல்லை, போனில் டவரும் இல்லை. வெளிச்சம் வந்தது, தண்ணீர் பச்சையானது, சூரியனை மட்டும் காணோம். கொஞ்ச நேரத்தில் முதுகு சுட்டது. திரும்பிப் பார்த்தால், பின்னாலிருந்த காட்டுக்கு மேலே அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

"என்ன ஊருடி இது! கடலைக் கொண்டுபோய் மேற்கால வச்சிருக்கானுங்க!" என்று சீறினார்.

ஜெயமேரி சிரித்தாள். "இங்க சாயங்காலம்தான் அழகுன்னு மேனேஜர் நேத்தே சொன்னாருங்க."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொல்லியிருந்தா தூங்கியிருப்பீங்க. கல்யாணமாகி இருபது வருஷத்துல, ஒரு மணி நேரம் என் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கீங்களா?"

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்த அடைக்கலராஜ் மறுபடியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாயங்காலத்துக்கு இன்னும் பத்து மணி நேரம்தான இருக்கு?" என்றார்.