கோயில் பின்மேடு

மலேசியாவில், கூலாய் ஊருக்கு வெளியே செம்பனைகளுக்கு நடுவே இருக்கும் அம்மன் கோயிலில், திருவிழாவுக்காக எல்லாரும் கூடிக் கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுவேலை செய்து, பின்மேட்டுப் புல்லை வழித்தெடுத்தார்கள். அடுத்த மழையில் சேற்றுநீர் இறங்கி மடப்பள்ளிச் சுவரின் அடியை அரிக்கத் தொடங்கியது.

ஷாமளா குடையோடு நின்று பார்த்தாள். ஒரே மேடு, ஒரே மழை. இடப்பக்கம் செந்நீர் பாய்ந்தது. புல் வெட்டாமல் விட்ட வலப்பக்கம் தெளிவாகக் கசிந்தது.

“அந்தப் பக்கம் ஏண்ணே வெட்டல?”

“குளவிக்கூடு லா. யாரு கொட்டு வாங்குறது?” என்றார் கோயில் தலைவர் கனகராஜ். “நாளைக்கு மருந்தடிச்சு வெட்டிரலாம்.”

அவள் இரண்டு பக்கமும் ஒவ்வோர் இலையைப் போட்டாள். இடப்பக்கத்து இலை விர்ரென்று சுவரில் வந்து மோதியது. மற்றது புல்லில் சிக்கிச் சிக்கி நகர்ந்தது.

“வேணாண்ணே. இங்க தண்ணி ஓடுது, மண்ணையும் இழுத்துக்கிட்டு. அங்க புல்லு ஓட விடல.”

கனகராஜும் இலை போட்டுப் பார்த்தார். பிறகு இன்னொன்று.

“அலமாக்! குளவிக்குத்தான் மாலை போடணும் போல.”

மழை விட்டதும் இருவரும் செம்பனை மட்டைகளை இழுத்துவந்து, மொட்டை மேட்டின் குறுக்கே வரிசையாகப் போட்டார்கள்.

திருவிழாவன்று, “பின்னால ஒரே குப்பையா கிடக்கே?” என்று ஒருவர் மட்டையைத் தூக்கப் போனார்.

“கை வைக்காதீங்க!” என்று கத்தினார் கனகராஜ். மடப்பள்ளியில் சோறு வெந்துகொண்டிருந்தது.