சமையலறைக்கு என்ன நிறம்

2019 மார்ச் 9, சனிக்கிழமை, காலை எட்டேகால் மணி. கீத்லி நகரின் மேட்டுத் தெருவில், குடையை விரிக்க மனமும் மடக்கத் துணிவும் தராத தூறல். சங்கிலிகள் கிறீச்சிட, லாரி ஒன்று மஞ்சள் நிற இரும்புத் தொட்டியை வில்ஃபின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுச் சென்றது. ஸ்கிப் என்று அதற்குப் பெயர். வேண்டாதவற்றையெல்லாம் அதில் நிரப்பினால், திங்களன்று லாரி வந்து தொட்டியோடு தூக்கிச் செல்லும்.

அதை வாடகைக்கு வரவழைத்தவள் வில்ஃபின் மகள் கிளெனிஸ். வில்ஃபிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.

இடுப்பெலும்பு முறிந்து, நவம்பரிலிருந்து முதியோர் இல்லத்தில் இருந்தார் அவர். கால் ஊன்றியதும் வீட்டுக்குப் போகலாம் என்று மகள் சொல்லியிருந்தாள். சொன்னபோது அதை நம்பியும் இருந்தாள். செங்குத்தான படிகளும், மாடியில் மட்டுமே கழிப்பறையும் உள்ள வீட்டில் இனி அவர் தனியாக வாழ முடியாது என்று ஜனவரியில் மருத்துவர் முடிவாகச் சொல்லிவிட்டார். வீடு நகராட்சிக்குச் சொந்தம்; அதைத் திருப்பி ஒப்படைப்பதாக வில்ஃப் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் அவரைப் பார்க்கப் போனாள். ஞாயிறுதோறும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினாள். வீட்டை முதலில் காலிசெய்துவிட்டால் கேட்பது எளிதாகும் என்று எப்படியோ அவளுக்குத் தோன்றிவிட்டது. பெரிய வேலையைச் செய்து, சிறிய வாக்கியத்தைத் தள்ளிப்போடுவது அவள் சுபாவம்.

ஒரு வாசலில் ஸ்கிப் நின்றால் அது தெருவுக்கே பொது. சற்று நேரத்தில் எதிர்வீட்டுத் திருமதி பீவர் ஒரு கம்பளச் சுருளோடு வந்து நின்றாள்.

"ஓரத்துல இத மட்டும் சொருகிக்கட்டுமா, கண்ணு? எடத்த அடைக்காது."

"தாராளமா."

அடைத்தது.

அடுத்து வந்தவர் பக்கத்து வீட்டு நாரிஸ். வில்ஃபோடு ஒரே பணிமனையில் பேருந்து ஓட்டியவர்; சனிக்கிழமை மாலைகளில் இல்லத்துக்குப் போய் அவரோடு டாமினோ ஆடுபவர். வில்ஃப் தம் கையால் செய்த சமையலறை அலமாரியைக் கழற்றி, அதன் கதவுகளைக் கிளெனிஸ் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அடடே, சமையலறைய புதுசாக்குறீங்களா? அந்தப் பச்சச் சுவர திட்டாத நாளே கெடையாதே, கெழவன்!"

அங்கே அவள் 'இல்லை' என்றிருக்க வேண்டும். ஆனால் தெருவில், தூறலில், எதிரே நிற்பவரின் முகம் வாடும்படி ஒரு செய்தியைச் சொல்வது அவ்வூரில் பழக்கமில்லை.

"கொஞ்சம் ஒழுங்குபடுத்துறோம், அவ்வளவுதான்."

நாரிஸ் கண் சிமிட்டினார். "புரியுது, புரியுது. திடீர்னு காட்டி அசத்தணும். நான் வாயே தொறக்க மாட்டேன்."

நாரிஸின் வாய் எப்படிப்பட்டது என்பதைத் தெரு அறியும். கிளெனிஸும் அறிவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தபோது, தொட்டிக்குள் யாருடையதோ ஒரு மெத்தை கிடந்தது. அதன்மேல் கட்டிலின் தலைப்பலகையை வைத்தாள், திரைச்சீலைகளைப் போட்டாள், கடைசியாக, இழுக்க முடியாமல் இழுத்துவந்து, தந்தையின் சாய்வு நாற்காலியை ஏற்றினாள். அவர் முழங்கை ஊன்றி ஊன்றி அதன் இடப்பக்கக் கைப்பிடி தேய்ந்து நூல் தெரிந்தது. மதியத்துக்குமேல் மீண்டும் தூறல் பிடித்தபோது, நாரிஸின் கார் வந்து நின்றது.

முன்கதவைத் திறந்து, வாக்கரைப் பற்றிக்கொண்டு வில்ஃப் இறங்கினார். கழுத்தில் டை கட்டியிருந்தார். கையில் ஒரு வண்ண அட்டை. பெயின்ட் கடையில் இலவசமாகக் கிடைப்பது.

"இவன் ஒளறிட்டான், கோவிச்சுக்காத," என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "நெறத்த நானே பாத்துச் சொல்லிடலாம்னு வந்தேன். உன்கிட்ட விட்டா மறுபடியும் பச்சதான். இந்த மஞ்சள் எப்படி? வெண்ண மாதிரி இருக்குல்ல?"

அதன் பிறகுதான் தொட்டியைப் பார்த்தார். சமையலறையைப் புதுப்பிக்கிறவர்கள் கட்டிலைத் தூக்கி எறிவதில்லை. நாற்காலியின் மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. நாரிஸுக்குத் தம் காரின் பின்சக்கரத்தில் ஏதோ பார்க்கவேண்டியிருந்தது.

"அந்த மெத்த என்னுது இல்ல," என்றார் வில்ஃப் கடைசியில்.

"யாரோ போட்டுட்டுப் போயிட்டாங்க."

"போடுவாங்க. நாமளும் போட்டிருக்கோம்."

"அப்பா, சொல்லணும்னுதான் நான்..."

"எப்போ? லாரி வந்து தூக்கினப்புறமா?"

கிளெனிஸ் ஒரு திரைச்சீலையை உருவி, நனையும் நாற்காலியின்மேல் போர்த்தினாள்.

"என்னால படி ஏற முடியாதுன்னு எனக்குத் தெரியாதா, கண்ணு? பாத்ரூமுக்குப் போகவே அங்க ஒரு பொண்ணு கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போகுது. வீட்ட விட்டுடலாம்னு நானே சொல்லியிருப்பேன். நீ கேட்டிருக்கணும். அவ்வளவுதான்." கையிலிருந்த வண்ண அட்டையைப் பார்த்தார். "நேத்து ராத்திரி இவன் வந்து சொல்றவரைக்கும், திரும்பி வரலாம்னு நான் நெனச்சதே இல்ல. அதுக்கப்புறம்தான் நெனச்சேன்."

"உள்ள வாங்கப்பா. ஒரு டீ குடிங்க."

"எதுல போடுவ?"

கெட்டில் தொட்டியின் அடியில் எங்கோ கிடந்தது.

"ஒரு தாள் இருக்கணுமே," என்றார் வில்ஃப். "தாள் இல்லாம நகராட்சிக்காரன் ஒரு வீட்டையும் எடுத்துக்க மாட்டான்."

அவள் கைப்பையைத் திறந்தாள். பல வாரங்கள் மடிந்து கிடந்ததில் தாளின் ஓரம் கசங்கியிருந்தது. வில்ஃப் வண்ண அட்டையைத் தொட்டியின் விளிம்பில் வைத்து, தாளை அதன்மேல் வைத்து, ஈரம் படாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, அவசரமின்றிக் கையெழுத்திட்டார். அட்டையை மட்டும் கோட்டுப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார். தாளை மகளிடம் நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டாள்.