முந்தி வந்த நிழல்

பெருந்தொற்றுக்கான புதுத் தடுப்பூசி போட்ட மூன்றாம் நாளிலிருந்து தெரியோவின் நிழல் அவனுக்குப் பத்து நிமிடம் முன்னதாக வரத் தொடங்கியது. அதே வாரம் பொஹோல் தீவின் பகாக்காய் கிராமத்தில் பன்றிக்கறி விலையும் ஏறியது. ஊர் இரண்டையும் ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டது. சண்டைச்சேவல் வளர்க்கும் கிறிஸ்புலோவால் மட்டும் முடியவில்லை. நிழல் வந்து விழுந்தது அவன் வீட்டு வாசலில். தெரியோ அவன் மகனுக்கு ஞானத்தகப்பன்; அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கும்பாரே' என்று கூப்பிடுவார்கள். தினமும் காலையில் அங்கே காப்பி குடிப்பது இருபது வருட வழக்கம். நிழல் தலைகாட்டியதும் கிறிஸ்புலோவின் மனைவி நெனிட்டா அடுப்பை மூட்டுவாள். ஆள் வந்து உட்காரும்போது சோளக் காப்பியில் ஆவி பறக்கும். சேவல்களுக்குத் தீனி வைத்துவிட்டு வரும் சொந்தப் புருஷனுக்குக் கிடைப்பது அதில் ஆறிப்போன மிச்சம்.

வயிற்றெரிச்சலைக் கிறிஸ்புலோ ஊர் மண்டபத்தில் கொள்கையாக்கினான். "எருமை கன்னு போடவே பத்து மாசத்துக்கு மேல ஆகுது. அதுக்குள்ள மருந்து கண்டுபிடிச்சு, சோதிச்சு, கையெழுத்தும் போட்டுட்டாங்களாம்! அவசரத்துல பொறந்தது முழுசா இருக்குமா?" கைதட்டல் எழுந்தது. கேட்க வேண்டிய கேள்விதான் என்றாள் செவிலி லுஸ்விமிண்டா. "சோதனையைக் குறைக்கல, அண்ணே. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா செய்யுற வேலையை ஒரே நேரத்துல செஞ்சாங்க. தூங்குற ஃபைலையும் தட்டி எழுப்பினாங்க. இன்னமும் கவனிச்சுக்கிட்டுதான் இருக்கோம்."

பின்வரிசையில் தெரியோ எழுந்தான். "கும்பாரே, போன வாரம் உன் சேவலுக்குக் குத்தினியே, பேரே ஒட்டாத புட்டி, அதுக்கு எந்த அதிகாரி கையெழுத்து போட்டாரு?"

மண்டபம் குலுங்கியது. நெனிட்டாவும் சிரித்தாள். அதுதான் கிறிஸ்புலோவுக்கு எந்த ஊசியையும்விட ஆழமாக இறங்கியது.

எட்டு மாதம் ஆறிய காப்பியோடு தாக்குப்பிடித்தான். செவிலியின் விளக்கம் செய்யாததைப் பொறாமை செய்தது. ஒரு திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் போய்ச் சட்டைக் கையை மடித்து ஊசி போட்டுக்கொண்டான். மூன்றாம் நாள், நிழல் முந்திப்போய்ச் சேரட்டுமென்று வேண்டுமென்றே மெல்ல நடந்து வந்தான். தெரியோவுக்குக் காப்பி போட்ட அடுப்பு அணைந்திருந்தது. வாசலில் அவன் நிழல் இல்லை, காலடியிலும் இல்லை. பத்து நிமிடம் கழித்து, சேவல் கூண்டுகளின் பக்கமிருந்து அது ஆடி அசைந்து வந்து சேர்ந்தது.

"எட்டு மாசம் யோசிச்சவன் நிழல் வேற எப்படி வரும்?" என்றான் தெரியோ, சூடான காப்பியை உறிஞ்சியபடி.

நெனிட்டா சிரிக்கவில்லை. "நீ முழுசா வந்து சேரு, அப்புறம் ஊத்துறேன்" என்று கிறிஸ்புலோவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

தெரியோவுக்கு இன்றும் காப்பி சூடாகத்தான் கிடைக்கிறது, குடித்துவிட்டுப் போய்விடுகிறான். கிறிஸ்புலோவுக்கு, தன் நிழல் வந்து சேரும்வரை, தினமும் பத்து நிமிடம் நெனிட்டா கிடைக்கிறாள். மழை நாட்களில் நிழல் வருவதில்லை. அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் மத்தியானம்வரை உட்கார்ந்திருப்பார்கள்.