தலைவர் நேராக்கிய கல்லறைகள்

தலைவர் என்றால் நாட்டுக்கோ கட்சிக்கோ இல்லை. ஊருக்கு வெளியே நாற்பது ஐம்பது குடும்பங்கள் செத்தவர்களைப் புதைக்கும் ஒரு துண்டு நிலத்துக்கு. அதற்கே மனிதருக்குக் கால் தரையில் பாவாது. வீட்டிலும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிட வேண்டும். மனைவி அப்படிக் கூப்பிட்டே போய்ச் சேர்ந்தாள். மகள் மட்டும் வீம்புக்கு அப்பா என்பாள்.

அன்று கல்லறைத் தோட்டத்தை அளக்க ஒரு பெண் வந்திருந்தாள். இனிமேல் எங்கே தோண்டுவது என்று ஒருவருக்கும் தெரியாததால், எந்தக் குழி யாருடையது என்று வரைபடம் போடக் கமிட்டி முடிவு செய்திருந்தது. மகளுக்கு அந்தக் கமிட்டியின் வெட்டிப் பந்தாவில் அக்கறை இல்லை. அம்மா இருக்கும் இடம் சரியாகப் பதிவாக வேண்டும், அதற்குத்தான் அவளும் வந்திருந்தாள். அம்மாவைப் புதைத்த அன்று அவள் பிரசவ வார்டில் கிடந்தாள். கைக்குழந்தையோடு இங்கே வரவே ஒரு வருடம் ஆனது. அப்போதிலிருந்து அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்து பிள்ளை செய்யும் குறும்பையெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள்.

"வரிசையைப் பாத்தியாம்மா?" தலைவர் கையை வீசிக் காட்டினார். "நூல் பிடிச்ச மாதிரி! முன்னாடி கோணல்மாணலா கெடந்துச்சு. என் வீட்டுக்காரி செத்த வருஷமே எல்லாத்தையும் நேராக்கிட்டேன்."

அளப்பவள் இரும்புக் கம்பியை ஊன்றினாள். ஒருமுறை தோண்டி மூடிய மண் கம்பிக்கு வழிவிடும். தோண்டாத மண் விடாது. அம்மாவின் கல்லுக்கு முன்னால் நாலு விரல்கூட இறங்கவில்லை. இடது பக்கத்துக் கல்லிலும் அதே கதை. இரண்டு கல்லுக்கும் நடுவே, வரிசைக்குக் குறுக்காக, சட்டென்று முழங்கை ஆழம் இறங்கியது.

"ஐயா, நேராக்கறப்போ கல்லைப் பிடுங்கினீங்களா?"

"பின்னே? பிடுங்கி, சுவத்துல சாத்தி, மேடெல்லாம் வெட்டிச் சமமாக்கி, நூல் கட்டித் திரும்ப நட்டோம்."

"எது எங்க இருந்துச்சுன்னு குறிச்சீங்களா?"

"கல்லுலயே பேர் இருக்கேம்மா!" இதுகூடத் தெரியாதவளா அளக்க வந்தாள் என்று தலைவர் அவளுக்காகப் பரிதாபப்பட்டார்.

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமாக வெறும் தரையிடம் பேசியிருக்கிறாள். கல்லைப் பிடுங்கிவிட்டு இளித்துக்கொண்டு நிற்கிற மனிதரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மாமாவுக்குப் போன் போட்டாள். அம்மாவைப் புதைத்தது நடுவில் நிற்கும் மரத்துக்கு இந்தப் பக்கம் என்றார். சித்தி அந்தப் பக்கம் என்று சத்தியம் செய்தாள். குழி தோண்டியவரைக் கேட்கலாம் என்றால், அவரும் இங்கேதான் எங்கேயோ கிடக்கிறார்.

"ஐயா, புதைக்கறப்போ நீங்க பக்கத்துலயே நின்னிருப்பீங்களே," என்றாள் அளப்பவள். "சுவர், மரம், ஏதாவது ஞாபகம் வருதா?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "நான் எங்கேம்மா நிக்கறது? அத்தனை வண்டி வந்துச்சு. கேட்டுல நின்னு ஒழுங்கா நிறுத்த வச்சது யாரு? எல்லாத்தையும் அனுப்பிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிட்டேன்."

மகள் அழுதாள். அழுகையைவிட வெறுப்புதான் அதிகம் வந்தது.

"இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?" தலைவர் எரிந்து விழுந்தார். "கல்லு இருக்கற இடத்தையே அவ இடம்னு போடும்மா. அதை ஒட்டி வலது பக்கம் எனக்குப் போட்டுடு."

அளப்பவள் மகளைப் பார்த்தாள். "என்னக்கா செய்யட்டும்?"

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா அந்த இடத்துல இல்லைங்கறது உறுதிதானே?"

"உறுதிதான்க்கா. கல்லுக்கு முன்னாலயும் அந்த வலது பக்கமும் யாரையும் புதைச்சதே இல்லை."

"அப்ப அவர் கேட்ட இடத்தையே அவருக்குக் குடுத்துடுங்க," என்றாள் மகள். "அம்மா தப்பிச்சா."